கம்ப்யூட்டர் கேமை வைத்துக் கணக்குப் பாடம் நடத்துவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

3 பிளாக் நீளம், 3 அகலம், 3 உயரம். இப்படி ஒரு கனசதுரம் கட்ட 27 பிளாக் வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் எத்தனை பிளாக் வேண்டும்?

எட்டாம் வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். "54" என்று பல குரல்கள் ஒன்றாக வரும். கரும்பலகையில் 2 × 2 × 2 = 8 என்று எழுதி விளக்கினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இரண்டு வாரம் கழித்துத் தேர்வில் அதே கேள்வியை எண் மாற்றிக் கேட்டால், திரும்பவும் இரண்டால் பெருக்கி வைத்திருப்பார்கள். வருஷா வருஷம் இதைப் பார்த்துச் சலித்துத்தான் ஒரு நாள் பிள்ளைகளை லேபுக்குக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு குழுவுக்கும் கேமுக்குள் ஒரு பெட்டி. பெட்டிக்குள் சரியாக 54 பிளாக். "நீங்க சொன்ன கணக்குதான். இதை வச்சு இரட்டிப்புக் கனசதுரத்தைக் கட்டுங்க" என்றேன்.

முதல் அடுக்குக்கே 36 போய்விட்டது. மீதி 18. இரண்டாவது அடுக்கில் சரியாகப் பாதி நிரம்பியதும் பெட்டி காலி. மவுஸ் பிடித்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், எங்க பெட்டியில கம்மியா வச்சிட்டீங்க."

"வச்சதை எண்ணிப் பாரும்மா."

எண்ணினார்கள். 54 இருந்தது. பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்த பையன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "ஆறு அடுக்கு வேணும்ல? ஒரு அடுக்குக்கே 36ன்னா..." என்று ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் மற்ற இருவரும் நோட்டை இழுத்துக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பாடத்தைச் சுற்றித்தான். கேம் தானாகப் பாடம் நடத்திவிடாது. பிள்ளையின் தப்பான ஊகத்தை அவள் கண் முன்னாலேயே சுவரில் முட்ட வைப்பது கேமின் வேலை. முட்டிய அந்த நிமிஷத்தில் கேமை நிறுத்திப் பேச வைப்பது நம் வேலை. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டுத்தான் பலர் "கேமெல்லாம் சரிப்பட்டு வராது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

1. பாடத்தைத் தேர்ந்தெடுங்கள், கேமை அப்புறம் பார்க்கலாம்

நல்ல கேம் ஒன்று கண்ணில் பட்டதும், அதை எந்தப் பாடத்தில் நுழைக்கலாம் என்று தேடுவது தலைகீழ் வேலை. பழைய தேர்வுத் தாள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தப்பு வருஷம் தவறாமல் திரும்பி வருகிறது? எங்கே நாம் எத்தனை முறை விளக்கினாலும் பிள்ளைகளுக்குப் பிடிபடுவதில்லை? அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கேம் தேடுங்கள். பலகையில் பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும் பாடத்துக்கு லேபைத் திறக்க வேண்டியதில்லை.

கேம் கையில் கிடைத்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் ஜெயிக்க வேண்டுமானால், நான் கற்றுக்கொடுக்க நினைப்பதைப் பிள்ளை செய்தே ஆக வேண்டுமா?

கூட்டல் கணக்குக்குச் சரியாக விடை சொன்னால் பலூனைச் சுடலாம் என்று இருக்கும் கேம்கள் இந்தச் சோதனையில் தேறாது. கணக்குக்கும் பலூனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பலூனுக்காகப் பிள்ளை கணக்கைச் சகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 2012-இல் நார்வேயிலிருந்து வந்த டிராகன்பாக்ஸ் வேறு ரகம். திரை இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கத்தில் பெட்டியைத் தனியாக நிற்க வைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு படத்தைச் சேர்த்தால் மறுபக்கத்திலும் சேர்த்தே தீர வேண்டும். போகப்போகப் படங்கள் மறைந்து எண்களும் எழுத்துகளும் வரும், பெட்டி இருந்த இடத்தில் எக்ஸ் வந்து நிற்கும். பிள்ளை அதுவரை செய்துகொண்டிருந்ததே சமன்பாட்டைத் தீர்க்கும் வேலைதான்.

இயற்பியலுக்கு கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் கேம் இருக்கிறது. சுற்றுப்பாதையில் நமக்கு முன்னால் போகும் விண்கலத்தைப் பிடிக்க வேண்டும். எல்லோரும் முதலில் எஞ்சினைப் போட்டு முன்னால் பாய்வார்கள். பாதை உயர்ந்து, சுற்றும் நேரம் கூடி, இன்னும் பின்தங்கிப் போவார்கள். வேகத்தைக் குறைத்துத் தாழ்வான பாதைக்கு இறங்கினால்தான் முன்னால் போனதைப் பிடிக்க முடியும். பாடப் புத்தகத்தில் நான்கு வரியில் கடந்துபோகும் விஷயம், தோற்றுத் தோற்றுக் கைக்கு வந்துவிடுகிறது.

கன அளவுக்கும் புறப்பரப்புக்கும் பிளாக் கேம்களைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த உலகத்தில் எல்லாமே ஒரு அலகுக் கனசதுரம். கட்டுவதே எண்ணுவதுதான்.

2. மைன்கிராஃப்டா, லுவான்டியா?

இரண்டுமே பிளாக் அடுக்கிக் கட்டும் கேம்கள். மைன்கிராஃப்ட் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011-இல் முழுமையாக வெளியானது. அதன் பள்ளிப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 2016-இல் கொண்டுவந்தது. உங்கள் பள்ளியில் அதற்கான கணக்கும் உரிமமும் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் லுவான்டி போதும். அதன் பழைய பெயர் மைன்டெஸ்ட். 2024-இல்தான் பெயர் மாறியது. கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் ஓடும். பழைய கம்ப்யூட்டரிலும் சமாளித்துவிடும். முக்கியமாக, லேபுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களை மட்டும் இணைத்து, இன்டர்நெட் இல்லாமலே நடத்தலாம். வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது, விளம்பரம் வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

3. முந்தின நாளே நீங்கள் விளையாடிப் பாருங்கள்

ஒரு மணி நேரமாவது, கையில் நோட்டோடு. மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே திணறினீர்கள்? 54 பிளாக்கை வைத்து முடிக்க எத்தனை நிமிஷம் ஆனது? (பிள்ளைகளுக்கு அதில் இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) மூன்றாவது, இந்தக் கேம் எங்கெல்லாம் பொய் சொல்கிறது?

அந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். லுவான்டியில் கீழே இருக்கும் பிளாக்கை எடுத்துவிட்டாலும் மேலே இருப்பது அந்தரத்தில் நிற்கும். மணல், சரளை போன்ற சில மட்டும்தான் விழும். தண்ணீரைச் சரியாக ஊற்றினால் எடுக்க எடுக்கக் குறையாத ஊற்று கிடைக்கும். கணக்குப் பாடத்துக்கு இதனால் கெடுதல் இல்லை, ஆனால் அறிவியல் ஆசிரியருக்கு இருக்கிறது. இதையே ஒரு வேலையாகக் கொடுக்கலாம்: "இந்த உலகத்துல நிஜத்துக்கு மாறா இருக்கிற அஞ்சு விஷயம் கண்டுபிடிங்க." என் பிள்ளைகள் ஐந்தோடு நிறுத்தவே இல்லை.

4. லேபைத் தயார் செய்வது

இந்தப் பகுதியில்தான் நிறைய ஆசிரியர்கள் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இன்டர்நெட் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் லுவான்டியை இறக்குங்கள். திறந்ததும் வெறுமையாக இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். லுவான்டி ஒரு அடித்தளம்தான். அதற்குள் விளையாட்டுகளைத் தனியாக இறக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே அதற்கான பட்டன் இருக்கும். வகுப்புக்கு மைன்டெஸ்ட் கேம் என்ற எளிமையான தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பூதம், பேய் என்று துரத்தும் உருவங்கள் அதில் இல்லை, கட்டுவதற்கான பொருள்கள் மட்டும்தான். பிறகு லுவான்டி ஃபோல்டரைப் பென்டிரைவில் நகல் எடுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டுவிடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு இருப்பது நல்லது.

உங்கள் கம்ப்யூட்டரில் புது உலகம் ஒன்றை உருவாக்குங்கள். உருவாக்கும்போது நில வகையில் சமதளத்தைத் தேர்ந்தெடுங்கள். மலையும் காடும் வந்தால் பிள்ளைகள் அதைச் சுற்றிப் பார்க்கவே பீரியடு முடிந்துவிடும். பொட்டல் காடு போல நிலம் கிடைக்கட்டும். பிளாக் தீராமல் கிடைக்கும் கிரியேட்டிவ் முறையை ஆன் செய்துகொண்டு உள்ளே போய், குழுவுக்கு ஒரு மனை அளந்து வேலி போடுங்கள். 12-க்கு 12 போதும். ஒவ்வொரு மனையிலும் ஒரு பெட்டியை வைத்து 54 பிளாக்கை உள்ளே போடுங்கள்.

எந்தப் பிளாக்? முதல் தடவை நான் கல்லை வைத்தேன். தப்பாக வைத்த கல்லைப் பிள்ளைகளால் வெறுங்கையால் எடுக்க முடியவில்லை. பிக்காக்ஸ் (குந்தாலி) கொடுத்தால், பெயர்த்த கல் வேறு வகைக் கல்லாக மாறிக் கையில் வருகிறது. அரை பீரியடு அதிலேயே போனது. கம்பளிப் பிளாக்கை வையுங்கள். வெறுங்கையால் எடுக்கலாம், எடுத்தது அப்படியே திரும்பக் கிடைக்கும், பல நிறங்களிலும் இருக்கிறது. வகுப்பில் சிவப்பு, பச்சை பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளை இருக்கக்கூடும் என்பதால் நீலமும் மஞ்சளும் எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

வகுப்பு நாளன்று உலகத்தைத் திறப்பதற்கு முன் கிரியேட்டிவ் முறையை ஆஃப் செய்துவிடுங்கள். இதை மறந்தால் பாடமே போச்சு. கிரியேட்டிவில் பிளாக் தீரவே தீராது, 54 தப்பு என்று யாருக்கும் தெரியாது. அடிபடும் வசதியையும் ஆஃப் செய்யுங்கள். அப்புறம் ஹோஸ்ட் சர்வர் என்ற கட்டத்தை டிக் செய்து தொடங்குங்கள். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். மற்றக் கம்ப்யூட்டர்களில் உங்கள் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியையும் (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) 30000 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால் எல்லோரும் ஒரே மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் திக்கினால் அதில் பார்வைத் தூரத்தைக் குறைத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அந்த உலகத்தின் ஃபோல்டரை ஒரு நகல் எடுத்து வையுங்கள். அடுத்த பிரிவுக்குப் பாடம் நடத்தும்போது மறுபடி 54, 54 என்று எண்ணிப் போட வேண்டியிருக்காது.

5. மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்

ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருந்தாலும் நான் மூன்று பேராகத்தான் உட்கார வைப்பேன். தனியாக விளையாடும் பிள்ளை பேசாது. பேச்சு வந்தால்தான் ஊகம் வெளியே வரும்.

இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. 1971-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காகத் தன் நண்பர்கள் பில் ஹைன்மன், பால் டில்லன்பர்கர் இருவரோடு சேர்ந்து ஓரெகான் டிரெயில் என்ற கேமை உருவாக்கினார். 19-ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டியில் மேற்கே குடிபெயர்ந்தவர்களின் பயணம் அது. கையிருப்புப் பணத்தில் சாப்பாடு, துணி, தோட்டா எல்லாம் வாங்கிக்கொண்டு, பனி விழுவதற்குள் ஓரெகான் போய்ச் சேர வேண்டும். அப்போது திரையே கிடையாது. தொலைதூரக் கம்ப்யூட்டரோடு டெலிபோன் வழியாக இணைந்த ஒரு டெலிபிரின்டர்தான். கேம் சொல்வதெல்லாம் காகிதத்தில் அச்சாகி வரும். வகுப்புக்கே ஒரு மெஷின்! பிள்ளைகள் தாங்களாகவே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வேட்டைக்கு ஒரு சொல்லை வேகமாகத் தட்டச்சு செய்ய வேண்டும், அதற்கு விரல் வேகமுள்ளவர். வரைபடம் பார்க்க ஒருவர். பணக்கணக்குக்கு ஒருவர். ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரே மெஷினை வைத்து அவர்களால் முடிந்தது, எட்டோ பத்தோ கம்ப்யூட்டர் இருக்கும் நம் லேபில் முடியாதா?

நான் பிரிக்கும் விதம் இது: ஒருவர் மவுஸ், ஒருவர் கணக்கர், ஒருவர் மேஸ்திரி. மேஸ்திரி எங்கே வைக்க வேண்டும் என்று வாயால் சொல்வார், மவுஸைத் தொடக் கூடாது. கணக்கர் வைக்கும் ஒவ்வொரு வரிசையையும் நோட்டில் எழுதுவார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மணி அடித்து இடம் மாற்றுங்கள். மணி இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? வீட்டில் அண்ணன் போனில் விளையாடிப் பழகிய பையன் மவுஸைப் பிடித்தால் விடமாட்டான். பெண் பிள்ளைகள் சத்தமில்லாமல் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். "நீ நல்லா பண்றே, நீயே பண்ணு" என்று அவர்களே சொல்லிவிடுவதும் உண்டு. அதைக் கேட்டால் எனக்கு மனசு தாங்காது. மணி அடித்தால் மவுஸ் கை மாறியே ஆக வேண்டும், விதிவிலக்கே கிடையாது.

மவுஸையே முதன்முதலாகப் பிடிக்கும் பிள்ளைகள் இருந்தால் அதற்கென்று ஒரு பீரியடு தனியாக ஒதுக்குங்கள். நடப்பது, குதிப்பது, இடது கிளிக்கில் எடுப்பது, வலது கிளிக்கில் வைப்பது. இவ்வளவும் கைக்கு வந்த பிறகுதான் பாடம்.

6. 45 நிமிஷத்தை எப்படிப் பிரிப்பது

முதல் 5 நிமிஷம் கம்ப்யூட்டரே வேண்டாம். கேள்வியைக் கேட்டு, ஆளாளுக்கு விடையை நோட்டில் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். அழிக்கக் கூடாது. "தப்பா இருந்தா மார்க் போகுமா டீச்சர்?" என்று கேட்பார்கள். போகாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஊகத்தை எழுதி வைக்காத பிள்ளை, விடை தெரிந்ததும் "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று நம்பிவிடும்.

அடுத்த 15 நிமிஷம் கட்டுவது. இந்த நேரத்தில் நாம் வாயைத் திறக்காமல் சுற்றி வர வேண்டும். ரொம்பக் கஷ்டமான காரியம் இது. "அடுக்கு எத்தனைன்னு யோசிச்சியா?" என்று நுனி நாக்கு வரை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பெட்டி காலியாகட்டும்.

எல்லாக் குழுவும் திணறியதும் இரண்டு நிமிஷ எச்சரிக்கை கொடுத்துவிட்டு, மானிட்டரை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தினால் கோபம் வரும், அது நியாயமான கோபம்தான். திரை எரிந்துகொண்டிருக்கும் வரை ஒரு கண் அங்கேயே இருக்கும் என்பதால் மானிட்டர் அணைந்தே ஆக வேண்டும்.

அதன் பிறகு 15 நிமிஷம் பேச்சு. மீதி 10 நிமிஷம் நோட்டில் எழுதுவது. நேரம் பத்தாமல் போனால் கட்டுவதில் குறையுங்கள், பேச்சில் கை வைக்காதீர்கள்.

7. நிறுத்திய பிறகு கேட்க வேண்டியவை

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாக வரும், நமக்கு ஒன்றும் தெரியாது. நான் முதலில் கேட்பது இது: "எந்த இடத்துல கணக்கு தப்புன்னு தெரிஞ்சுது?"

"ரெண்டாவது அடுக்கு பாதியில டீச்சர்."

"அப்போ மொத்தம் எத்தனை அடுக்கு வந்திருக்கு?"

"ஒன்றரை."

"வேணுங்கிறது?"

"ஆறு. அப்போ நாலு பங்கு வேணும்... 54-ஐ நாலால பெருக்கணும். 216!"

பலகையில் 6 × 6 × 6 என்று நான் எழுதுவதற்கு முன்பே 216 வந்துவிட்டது. சூத்திரத்தை அதற்கு அப்புறம் எழுதுங்கள். தாங்கள் கட்டியதற்கு ஒரு பெயர் கிடைத்த மாதிரி அதைப் பார்ப்பார்கள்.

27-இலிருந்து 216 எத்தனை மடங்கு என்று கேளுங்கள். 8. ஏன் 8? இங்கே ஒரு பிள்ளையைப் பலகைக்கு வரச் சொல்லி, பெரிய கனசதுரத்துக்குள் சின்னது எத்தனை உட்காரும் என்று படம் போடச் சொல்லலாம். கீழே நான்கு, மேலே நான்கு.

அவர்கள் முதலில் சொன்ன 54-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சின்னக் கனசதுரத்துக்கு வெளியே பெயின்ட் அடிப்பதாக இருந்தால் எத்தனை சதுரம் அடிக்க வேண்டும்? ஒரு பக்கத்துக்கு 9, ஆறு பக்கம், அடிப்பக்கத்தையும் சேர்த்து 54. அதே எண்! இதைப் பார்த்து வகுப்பு ஒரு நிமிஷம் குழம்பும். அந்தக் குழப்பம் வரட்டும், நல்லதுதான். முன்னது 54 பிளாக், இது 54 சதுரம். ஒன்று இடத்தை நிரப்புவது, இன்னொன்று மேலே போர்த்துவது.

அடுத்துப் பெரிய கனசதுரத்துக்குப் புறப்பரப்பு கேளுங்கள். ஒரு பக்கம் 36, ஆறு பக்கம், 216. கன அளவும் 216. "அப்போ ரெண்டும் ஒண்ணா டீச்சர்?" இந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைக்கு நான் மிகவும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவேன். கன அலகு, சதுர அலகு என்று எத்தனை வருஷம் தொண்டை வற்றக் கத்தியிருப்போம்! விடையின் பின்னால் அலகு எழுதாவிட்டால் அரை மார்க் போகும் என்பதைத் தாண்டி, அது எதற்காக என்று அவர்கள் கேட்கும் நாள் அதுதான்.

சீக்கிரம் முடித்துவிட்டு ஆடிக்கொண்டிருக்கும் குழுவுக்கு ஒரு வேலை வைத்திருங்கள். 3 × 3 × 3 கனசதுரத்தின் நடுவில் ஒரு மஞ்சள் பிளாக், சுற்றிலும் நீலம். வெளியிலிருந்து பார்த்தால் மஞ்சள் தெரியாது. 4 × 4 × 4 என்றால் எத்தனை மஞ்சளை இப்படி ஒளித்து வைக்கலாம்? (8.) 6 × 6 × 6 என்றால்? (64.) பொதுவாக எந்த அளவுக்கும் ஒரு வழி சொல்ல முடியுமா? மூன்றாவது கேள்வியில் இயற்கணிதத்துக்குள் வந்துவிடுவார்கள்.

8. கேம் இல்லாமல் கேள்வி கேளுங்கள்

கேமில் எவ்வளவு அழகாகக் கட்டினார்கள் என்பதற்கு மார்க் போடாதீர்கள். யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதற்கு மார்க் போட்டதாகிவிடும். இரண்டு வாரம் போகட்டும். பிளாக், கேம் என்ற பேச்சே இல்லாமல் ஒரு கேள்வி வையுங்கள்: மொட்டை மாடியில் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அதன் எல்லா அளவையும் இரட்டிப்பாக்கி ஒரு தொட்டி செய்தால் எத்தனை லிட்டர் பிடிக்கும்? 1,000 என்று எழுதியவர்கள் கேமைக் கேமாக மட்டும் விளையாடியிருக்கிறார்கள். 4,000 என்று எழுதியவர்களுக்குப் பாடம் லேபை விட்டு வெளியே வந்திருக்கிறது. 1,000 எழுதிய பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்து, "இந்தத் தொட்டியைப் பிளாக்கா நினைச்சுக்கோ" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் தாங்களே திருத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

9. ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கிறதா?

புரொஜெக்டரில் போட்டு வகுப்பையே மேஸ்திரி ஆக்குங்கள். ஒரு பிள்ளை மவுஸைப் பிடிக்கட்டும். மற்றவர்கள் எழுந்து நின்று சொல்லட்டும். ஊகத்தை எழுதுவது, பெட்டி காலியாவது, நிறுத்திப் பேசுவது எல்லாம் அப்படியே. அதுவும் இல்லையென்றால் கடையில் சர்க்கரைக் கட்டி ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். எறும்பு வரும் முன் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

10. எங்கே தப்பு நடக்கும்

ஒரு குழு கட்டியதை இன்னொரு குழு இடிப்பது முதல் நாளே நடக்கும். என் வகுப்பில் இடிந்து கிடந்ததைப் பார்த்து ஒரு பிள்ளை அழுதுவிட்டாள். திரைக்குள் இருந்தாலும் அது அவள் கையால் கட்டியது. "கேம்தானே" என்று நான் சமாதானம் சொன்னது தப்பு என்று அப்புறம் உணர்ந்தேன். இடித்த குழுவே திரும்பக் கட்டித் தர வேண்டும் என்பதை இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில பிள்ளைகளுக்குத் திரை சுழல்வதைப் பார்த்தால் தலை சுற்றும், குமட்டும். வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். நீங்களே முதலில் சொல்லி, அப்படி ஆகிறவர் கணக்கராகவே இருக்கலாம் என்று வழி விட்டுவிடுங்கள். மணி விதிக்கு விதிவிலக்கு கிடையாது என்றேன், இதற்கு மட்டும் உண்டு.

பெற்றோரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "ஸ்கூல்லயே கேம் விளையாட விடுறாங்களாம்" என்ற செய்தி எப்படியும் வீட்டுக்குப் போகும். என்ன பாடம், எத்தனை பீரியடு, இன்டர்நெட் இல்லை, வீட்டில் எதையும் இறக்கச் சொல்ல மாட்டோம் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தால் போதும். கடைசி வரி முக்கியம். இலவசம் என்று போனில் கிடைக்கும் கேம்களில் பல, விளம்பரத்தையும் பணம் கட்டச் சொல்லும் பட்டனையும் வைத்துத்தான் பிழைக்கின்றன. நம் பாடத்தைக் காரணம் காட்டி அவை வீட்டுக்குள் நுழையக் கூடாது.

11. இதே முறையில் வேறு பாடங்கள்

ஆறாம் வகுப்பு முழுக்களுக்கு இதே லுவான்டி உதவும். எஃப்5 விசையை ஓரிரு முறை அழுத்தினால் நாம் நிற்கும் இடத்தின் மூன்று எண்கள் திரையில் வரும். அதில் ஒய் என்பது உயரம். தோண்டிக்கொண்டே இறங்கினால் ஒய் குறைந்துகொண்டே வந்து பூச்சியம் ஆகும், அப்புறம் −1, −2. "நீ −7-ல நிக்கிறே. 5-க்கு ஏறணும். எத்தனை படி?" குழிக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளை 12 என்று எண்ணி எடுத்துவிடும்.

வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்கள் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்) இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. காசு இல்லை, பிரவுசரிலேயே ஓடும். அணுவைக் கட்டுவது, சமன்பாட்டைச் சமன் செய்வது போன்றவற்றில் கேம் பகுதியும் உண்டு. வரலாற்றுக்கு சிவிலைசேஷன் போன்ற கேம்களைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஒரு முடிவு இன்னொன்றை எப்படி இழுத்துவருகிறது என்று காட்ட நல்லது. ஆனால் எல்லாச் சமூகமும் ஒரே ஏணியில் ஏறிக்கொண்டிருப்பது போல அது காட்டும். அதைப் பற்றி வகுப்பில் பேசாமல் விடக் கூடாது.

வெளிநாட்டில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுப்பவர்களுக்கு வெண்பா என்ற கேமைச் சொல்வேன். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்பு நோட்டு அங்கங்கே சிதைந்திருக்கும். விட்டுப்போனதை யோசித்து இட்லி முதலானவற்றைச் செய்து முடிக்க வேண்டும். ஒரு பதார்த்தம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, "உங்க வீட்டுல இதை எப்படிச் செய்வாங்க? பாட்டிக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினால் அடுத்த வாரத்துக்குத் தமிழ்ப் பேச்சு தயார்.

கடைசியாக, பிள்ளைகளே கேம் செய்வது. அதற்கு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து 2007-இல் வந்த ஸ்கிராட்ச் இருக்கிறது. இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கன அளவுப் பாடத்தின் முடிவில் சென்ற முறை நடந்ததைச் சொல்கிறேன். மணி அடித்துவிட்டது, எல்லோரும் பையைத் தூக்கிவிட்டார்கள். முதல் நாள் "கம்மியா வச்சிட்டீங்க" என்றாளே, அவள் மட்டும் நின்றாள். "டீச்சர், இரட்டிப்பாக்கினா எட்டு மடங்கு. பாதியாக்கினா? மூணுல பாதி ஒன்றரை. ஒன்றரைப் பிளாக்கை எப்படி வைக்கிறது?"

கேமில் வைக்க முடியாது. "வா, போர்டுல பாப்போம்" என்றேன். சாக்பீஸை அவளே எடுத்துக்கொண்டாள். 27-க்குக் கீழே கோடு இழுத்து 8 என்று எழுதினாள். பிறகு பக்கத்தில் 1.5 × 1.5 × 1.5 என்று எழுதி, இரண்டும் ஒன்றுதானா என்று பெருக்கத் தொடங்கினாள்.